லமான்ட் பெட்வேயின் இடது முட்டி

ஜூன் பிறந்தால் எங்கள் டொலிடோவில் எல்லோருக்கும் ஞானம் வந்துவிடும். கல்லூரிப் பையன்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டின் பழைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கூடைப்பந்து அணி எந்தப் பையனை எடுத்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்வார்கள். பதினைந்து வருடம் கழித்துச் சொல்ல யாருக்குத்தான் தெரியாது?

பதினைந்து வருடம் முன்பு நடந்த டிராஃப்டில் எங்கள் அணிக்கு மூன்றாவதாக ஆள் எடுக்கும் வாய்ப்பு. அணிக்காக ஊர் ஊராகப் போய் ஆள் பார்த்து வந்தவன் நான், வெண்டெல் கொபெக்கி. லமான்ட் பெட்வேயை எடுங்கள் என்று மேஜையைத் தட்டிச் சொன்னதும் நான்தான். அவன் இரண்டே வருடத்தில் முட்டி போய் உட்கார்ந்துவிட்டான். எங்களுக்கு அடுத்த அணி எடுத்த கோர்லிஸ் வான்ஸ் இதுவரை நான்கு கோப்பை வாங்கிவிட்டான்.

இன்று காலை உணவகத்தில், பழம் வைத்துச் சுடுகிற 'பை' பலகாரத்தில் ஒரு துண்டு கேட்டேன். பரிமாறுகிற டாட்டி விடவில்லை.

"ஆப்பிளா, செர்ரியா? பாத்து எடு வெண்டெல். நீ எடுக்கறது எதுவும் ரெண்டு வாய்க்கு மேல தாங்காது."

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் மறைத்து வைத்திருந்தேன்.

டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு, லமான்டின் கல்லூரி அணியில் காயங்களைக் கவனிக்கிறவர் கார் நிறுத்துமிடத்தில் என்னை ஓரம் கட்டினார்.

"இடது முட்டி தேய ஆரம்பிச்சிருக்கு. எக்ஸ்ரேல தெரியாது. ஒரு வருஷம் ஓய்வு குடுத்தா பொழச்சிக்கும். பையன் பயந்துருவான்னு அவன்கிட்ட சொல்லல. நீங்க பாத்துக்கங்க."

நான் பார்த்துக்கொள்ளவில்லை. அறிக்கையில் எழுதினால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். அவன் ஆட்டத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம்.

மதியம் கஸ் பிரானிகனின் வானொலி நிகழ்ச்சிக்குப் போனேன். பழைய டிராஃப்டைத் திரும்ப நடத்துவது அவருக்கு வருடாந்திரத் திருவிழா. மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டுக் கண்ணடித்தார்.

"பெருசு, லைன்ல யாரு தெரியுமா? லமான்ட்!"

லமான்ட் இப்போது டேட்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்.

"சார், உங்கள இன்னும் திட்டறாங்களாமே. நீங்க சரியாத்தான் எடுத்தீங்க. நான்தான் சோம்பேறி. முட்டி வலின்னு சொன்னப்ப கோச் சாக்கு சொல்றேன்னாரு. அவரு சொன்னது நியாயந்தான். ஒழுங்கா பயிற்சி பண்ணியிருந்தா தாங்கியிருக்கும். உங்க பேரக் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. கார் நிறுத்துமிடம், தேய்ந்த முட்டி, நான் எழுதாத வரி, எல்லாவற்றையும் ஊர் கேட்கச் சொல்லிவிட்டேன்.

"ஒரு வருஷம்?" என்றான் லமான்ட். "ஒரே ஒரு வருஷம் உக்காந்திருந்தா போதுமா?"

"ஆமாப்பா. போதும்னுதான் சொன்னாரு."

அவன் கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் நினைப்பு வேறெங்கோ போயிருந்தது.

"சார், என் பொண்ணு ஜோரா ஸ்கூல் டீம்ல ஆடறா. மார்ச்லேருந்து முட்டி வலிக்குதுங்கறா. அதெல்லாம் சோம்பேறித்தனம், அப்பன் மாதிரி ஆகாதடின்னு தினம் பத்து ரவுண்டு ஓட விடறேன். இப்பக்கூட எதுத்தாப்புல மைதானத்துல ஓடிட்டிருக்கா. வைக்கறேன் சார். அவள நிறுத்தணும்."