நான்காவது கல்

மூன்றாம் மாடி அலுவலக வக்கீல் வாசலில் வழுக்கி விழுந்தபோது முதலில் அவருடைய குடைதான் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். நான் எழுந்து ஓடுவதற்குள் தரை துடைக்கும் அக்கா அவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தார். முழங்கையில் நல்ல அடி. அவர் வலியில் முகம் சுளித்தது வாசல் கருங்கல்லில் தலைகீழாகத் தெரிந்தது. போன மாதம் பாலிஷ் போட்ட கல்.

கட்டட மேனேஜர் இறங்கி வந்தார். வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"இந்த மாசம் இது மூணாவது ஆள். ஈரத்தை அப்படியே விட்டுட்டுப் போயிடுறீங்க. இன்னொருத்தர் விழுந்தா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அவர் ஈரத்தை விட்டுப்போகிறவர் அல்ல. காலை ஏழரைக்குத் துடைத்து முடித்து, காய்ந்த துணியால் ஒருமுறை ஒற்றியும் எடுப்பார். வரவேற்பு மேசையிலிருந்து நான் தினமும் பார்ப்பதுதான். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் மேனேஜர் லிஃப்டில் ஏறிவிட்டார். எனக்கு எப்போதும் லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் பேச்சு வரும்.

பார்வையாளர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று பேர். மூன்றும் மழை நாள். மூவரும் விழுந்தது கால்மிதி முடிந்து நான்காவது கல்லில். வெறும் ஈரம்தான் காரணம் என்றால் முதல் கல்லிலேயே அல்லவா வழுக்க வேண்டும்? நான்காவது கல்லில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. காலையில் அக்கா பக்கெட்டை வைப்பது அங்கேதான் என்பதைத் தவிர.

மறுநாள் சீக்கிரமே வந்தேன். என் ஷூ ஒன்றுக்குள் பேப்பர் வெயிட்டுகளை அடைத்து, பார்சல் எடைபோடும் கொக்கித் தராசில் மாட்டி, தரையில் இழுத்தேன். காய்ந்த கல்லில் அறுநூறு கிராம் காட்டிய பிறகே நகர்ந்தது. பூந்தொட்டிக்குப் பின்னால், மாப் எட்டாத மூலையில் தண்ணீர் தெளித்து இழுத்தேன். நானூறு. நான்காவது கல்லில் அதே தண்ணீர். நூற்றைம்பது.

"என்ன பாப்பா, ஷூவை நாய்க்குட்டி மாதிரி இழுத்துட்டுத் திரியிறே? கடிக்குமா?"

"கடிக்காதுக்கா. பக்கெட்ல சோப்பு எவ்வளவு ஊத்துறீங்க?"

"முன்னாடியெல்லாம் ஒரு மூடி. பாலிஷ் போட்டதுலேர்ந்து ஒவ்வொரு கால் தடமும் பல்லை இளிக்குதே, மூணு மூடி. முதல் ஆள் விழுந்ததுக்கு அப்புறம் நாலு. சுத்தமில்லைன்னு ஒருத்தர் வாய் திறக்கக் கூடாதுல்ல."

சோப்பு காய்ந்தாலும் கல்லைவிட்டுப் போவதில்லை, ஈரக்கால் பட்டால் மறுபடி சோப்பாகிவிடுகிறது, மாப் முதலில் தொடும் கல்லில்தான் அது அதிகம் என்று சொன்னேன். நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது எனக்கே புதிது. அக்கா தராசை வாங்கித் தானே இழுத்தார். மூலையில் ஒருமுறை. நான்காவது கல்லில் இரண்டுமுறை.

"அப்போ நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு விழ வச்சிருக்கேன்."

அக்கா தராசை என்னிடம் திருப்பித் தந்தார்.

"மேனேஜர்கிட்ட சொல்லுவியா?"

சொன்னால் தவறு அக்காவுடையது ஆகிவிடும். சொல்லாவிட்டால், கல் பளபளக்கவில்லை என்று மேனேஜரே மறுபடி சோப்பு ஊற்றச் சொல்வார்.

"முதல்ல கழுவிடலாம்க்கா" என்றேன்.

வெறும் தண்ணீரில் நான்குமுறை கழுவினோம். முதல் தண்ணீரில் நுரை வந்தது. நான்காவதில் வரவில்லை. காய்ந்ததும் சோப்புப் பளபளப்பு போய்க் கல் மங்கலாகிவிட்டது, முகம் தெரியவில்லை. தண்ணீர் தெளித்து இழுத்தால் முந்நூற்றெண்பது. அக்கா தராசைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

அடுத்த நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. முதலில் வந்தது மேனேஜர்தான். குடையை மடக்கி உதறி, ஃபோனில் பேசியபடியே கால்மிதியை ஒரே எட்டில் தாண்டினார். தூணருகே அக்கா மாப்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வாய்க்குள் எண்ணினேன். நான்காவது கல்லில் அவர் சட்டென்று நின்றார். குனிந்து பார்த்தார்.

"என்ன இது, கல்லு இப்படி மங்கிக் கிடக்கு? சோப்பு போடலையா?"

அக்கா என்னைப் பார்த்தார். லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. நான் எழுந்து நின்றேன். மேனேஜரின் ஷூவிலிருந்து வடிந்த நீர் கல்லில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி, பதிலுக்காக, அவர் அசையாமல் நின்றிருந்தார்.