அரக்கிய வேலி

லண்டன் இல்ஃபோர்ட் வீட்டின் பின்வளவில், காணி அளக்க வந்த ஓவியா அளவுக் கருவியை ஊன்றியதுமே நான் வேலிப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். சர்வேயர் என்றால் வயதான ஒருவர் வருவார், தேநீர் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றிருந்தேன். வந்ததோ கோயம்புத்தூர்ப் பெண். தேநீரும் வேண்டாம் என்றுவிட்டாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவர் யோகராஜாவுக்கு மாடிப்படி ஏற முடியாது; பேச்சும் போய்விட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க முன்னறையில் படுத்திருக்கிறார். பின்பக்கம் அவருக்கென்று ஓர் அறை கட்ட வேண்டும். அனுமதி கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கும் முன் காணியை அளந்து படம் வரைய வேண்டுமாம்.

அங்கேதான் வில்லங்கம். நான்கு வருடங்களுக்கு முன், அவர் நன்றாயிருந்த காலத்தில், நான் கனடாவில் தங்கை வீட்டில் நின்றபோது, புயலில் வேலி சரிந்தது. "புது வேலி போட்டாச்சு. கொஞ்சம் அரக்கித்தான் போட்டனான்" என்று போனில் சொன்னார். எங்கள் ஊரில் வேலியை அரக்குவதென்றால், சத்தமில்லாமல் நகர்த்தி அடுத்தவன் காணியைப் பிடிப்பது. வெட்கத்தில் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு பியற்றிஸ் அக்காவின் முகத்தை அன்றிலிருந்து நேராகப் பார்த்ததுமில்லை. இன்று குட்டு வெளிப்பட்டால் அக்கா கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதுவார். அறை அதோடு சரி.

ஓவியா பழைய காணி உறுதிப் பத்திரத்தில் இருந்த படத்தையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, வேலி இருக்க வேண்டிய இடத்துல இல்லையே."

"எவ்வளவு?" என்றேன்.

"ஒன்பது அங்குலம். உங்க நிலத்துக்குள்ள வந்திருக்கு. நீங்கதான் அவங்களுக்கு விட்டுக் கொடுத்திருக்கீங்க."

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பியற்றிஸ் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஓம் தங்கச்சி. என்ர மனுசன்ர வீல்செயார் பின்வாசலாலை வர ஏலாமல் இருந்ததெல்லே. உம்மட அவர்தான் அரக்கித் தந்தவர். உமக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்." கையிலிருந்த உடுப்பைக் கொடியில் போட்டார். "இப்ப என்ர மனுசனும் இல்லை. பழைய இடத்திலையே திருப்பிப் போடும்."

முன்னறைக்கு ஓடினேன். நான்கு வருடமாக இந்த மனிதரை மனதுக்குள் கள்ளன் என்று திட்டிக்கொண்டே சோறு போட்டிருக்கிறேன். அவர் பதற்றத்தோடு என் முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் அரக்கினனீங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே?" என்று அழுதுகொண்டு கத்தினேன்.

அவருடைய வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவரால் சொல்ல முடிந்த காலத்தில் நான் கேட்கவேயில்லை.