ஏணி எங்க?

அந்தச் செருப்புக் கடையில் ஏணி என்று ஒன்று கிடையாது. மேல்தட்டுப் பெட்டியை எடுக்க ஸ்டூல்தான். ஆனாலும் தினமும் யாராவது "ஏணி எங்க?" என்று குரல் கொடுப்பார்கள். மாட்டிக்கொண்டேன், இந்த வாடிக்கையாளரை நீ வந்து பார் என்று அர்த்தம். வருகிறவர்தான் பேச்சை முடித்து வைக்க வேண்டும்.

கடையின் சீனியர் சேல்ஸ்மேனுக்கு ஏணி தேவைப்பட்டதே இல்லை. வாய் அப்படி. ஒரு ஜோடி கேட்டு வந்தவன் இரண்டோடு போவான். அப்பேர்ப்பட்ட வாய், பெண்கள் பிரிவில் நிற்கும் விற்பனைப் பெண்ணிடம் மட்டும் மென்று விழுங்கும். கடையே அவளை அக்கா என்றது. நாற்பதை நெருங்கும் இந்த மனுஷன் மட்டும் மறந்தும் அப்படிக் கூப்பிடாமல், "இங்க பாருங்க", "ஒரு நிமிஷம்" என்றே ஒப்பேற்றி வந்தார். காரணம் யாருக்கும் தெரியாதென்று அவர் நினைப்பு, பாவம். சும்மா பார்த்துவிட்டுப் போகிற வாடிக்கையாளருக்குக் கடையில் 'காத்து' என்று பெயர். கேஷியர் சீனியரையே அப்படித்தான் சொல்வார். "தினமும் பாக்கறாரு, கேக்க மாட்டேங்கறாரே!"

அன்று அவளுக்கு அங்கே கடைசி நாள். ஊருக்கே கூட்டிப்போக அவள் அண்ணன் வந்திருந்தார். அவள் பையை எடுக்க உள்ளே போனாள். இப்போது விட்டால் போச்சு. சீனியர் அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"வந்து... உங்க சைஸ் என்னங்க?"

"ஒன்பது. நான் வாங்க வரலீங்களே."

"சும்மா போட்டுப் பாருங்க."

போட்டார், கழற்றினார், இன்னொன்று போட்டார். சுற்றிலும் ஏழெட்டுப் பெட்டி திறந்து கிடந்தது. கேட்க வந்த வாய் மட்டும் திறக்கவில்லை. கேஷியர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் பையோடு வந்துவிட்டாள். "கிளம்பலாமாண்ணா?"

அண்ணன் லேஸை அவிழ்க்கக் குனிந்தார்.  வாழ்க்கையில் முதல் தடவையாக, சீனியர் அழாத குறையாகக் கத்தினார்.

"ஏணி எங்க?"

 அவள் பையைக் கீழே வைத்தாள். நேராக வந்து சீனியரை மெல்ல ஒதுக்கிவிட்டு அண்ணன் முன்னால் நின்றாள்.

"அண்ணா, இவர் என்னைக் கட்டிக்கக் கேக்கறாரு. எனக்குச் சம்மதம். நீ என்ன சொல்ற?"

அண்ணன் காலிலிருந்த புது ஷூவையும் சீனியரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா என்னை இத்தனை ஷூ போட வெச்சீங்க? தங்கச்சிக்குச் சம்மதம்னா எனக்கென்னங்க."

சீனியருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிட இத்தனை வருஷமா? நான் இங்கதானே நின்னுட்டிருந்தேன்."