பெண் பார்க்கப் போன வெள்ளை ஷூ

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் பெட்டியின் மேலடுக்கைப் பார்த்துத்தான் ஏலம் ஏறும். பளபளவென்று இருப்பது மேலே. அடியில் கிடப்பது வாங்கினவன் பாடு. அந்த மண்டியிலேயே வளர்ந்த பூவரசனுக்குக் கல்யாணச் சந்தையும் அப்படித்தான் பட்டது. போன தடவை பெண் பார்க்கப் போனபோது, வாசலில் அவன் கழற்றிவிட்ட சேறு காய்ந்த செருப்பைப் பார்த்த பெண்ணின் அத்தை, "மண்டியிலிருந்து அப்படியே எழுந்து வந்துட்டாப்ல" என்றாளாம். சம்பந்தம் அதோடு நின்றது. ஆள் உள்ளே உட்கார்ந்து கேசரி தின்ன, அவனைப் பற்றிய சாட்சி வாசலில் கிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகவே தருமபுரி போய் ஒரு வெள்ளை ஷூ வாங்கினான். போட்டுப் பழகிய பிறகு கயிற்றை உருவித் தனியே துவைத்தான். பழைய பல் பிரஷ்ஷில் துளி ஷாம்பு தொட்டு ஓரமெல்லாம் தேய்த்தான். வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தோடு அம்மா வந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தான். வெயிலில் வைத்தால் பசை மஞ்சளாகும், செய்தித்தாளைத் திணித்தால் மை ஒட்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் வெறும் வெள்ளைத் தாளைத் திணித்து ஃபேனுக்கு அடியில் காயவைத்தான்.

"ஏன்டா, மாட்டுப்பொங்கலுக்குக்கூட நம்ம வூட்டு மாட்ட இப்படித் தேச்சதில்லையே. கொம்புக்குப் பெயின்ட் அடிக்கலையா?" என்றார் சித்தப்பா மாதவராஜ்.

"சும்மா இருங்க சித்தப்பா. பொண்ணு வூட்டுல மொதல்ல பாக்கறது இதத்தான்."

பெண் நிர்மலாதேவி. பாலக்கோட்டுப் பக்கம் தோட்டத்து வீடு. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுச் சித்தப்பாவோடு போய் உட்கார்ந்தான். அவள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பூவரசனுக்கு அப்போதே பிடித்துப்போனது. அவள் அப்பா தீர்த்தகிரி மழையைப் பேசினார், தக்காளி விலையைப் பேசினார். கடைசியில் தொண்டையைக் கனைத்தார். "எதுக்கும் தம்பி, நாங்க கலந்து யோசிச்சு..."

மண்டிக்காரனுக்கு இந்த இழுவை தெரியும். வாங்கப் போகாதவன் விலை கேட்டுவிட்டு நகரும்போது இழுப்பது.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மும்முனை கரண்டு வந்துருச்சு! இருங்க, மடையத் திருப்பி வுட்டுட்டு வந்துர்றேன்" என்று தீர்த்தகிரி வாசலுக்கு ஓடினார். விருந்தாளிகள் கழற்றிப்போட்டதில் காலுக்கு எது அகப்படுகிறதோ அதை மாட்டிக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. கிட்டே கிடந்தது வெள்ளை ஷூ. பின்பக்கத்தைக் குதிங்காலால் மிதித்து மடக்கி, சரக் சரக்கென்று இழுத்தபடி செம்மண் வாய்க்காலை நோக்கி நடந்தார்.

பூவரசன் பாதி எழுந்தான். சித்தப்பா தொடையைப் பிடித்து அழுத்தினார். "உக்கார்றா. வாயத் தொறந்தே, இந்தப் பொண்ணும் போச்சு."

உட்கார்ந்தான். ஜன்னல் வழியே, கணுக்கால் வரைக்கும் சேற்றில் இறங்கும் ஷூவைப் பார்த்துக்கொண்டே கேசரியை விழுங்கினான்.

செங்கல் நிறத்தில் திரும்பி வந்தது ஷூ. "என்னா லேசா இருக்குது! யாருதுங்க இது?" என்றார் தீர்த்தகிரி.

"என்னுதுதாங்க."

"அட! ஒரு சத்தம் குடுத்திருக்கலாமில்ல தம்பி?"

"கரண்டு போனா தண்ணி பாய்ச்ச முடியாதுங்க. ஷூவக் கழுவிக்கலாம்."

மண்டியில் வாய்க்குத் தானாக வரும் பேச்சு அது; மனசுக்கு அதில் பங்கில்லை. ஆனால் தீர்த்தகிரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அம்மா நிர்மலா, மாப்ளைக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டா" என்றார். சித்தப்பா மறுபடி தொடையை அழுத்தினார். இந்தத் தடவை வலிக்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் குனிந்து ஈரக் கைக்குட்டையால் சேற்றைத் துடைக்கப் போனான்.

"ஈரத்துல தொடைக்காதீங்க, துணிக்குள்ள எறங்கிரும்" என்றது பின்னாலிருந்து நிர்மலாதேவியின் குரல். "காயட்டும். அப்பறம் தட்டிவுட்டுட்டுக் கழுவுங்க."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எங்கிட்டயும் ஒரு வெள்ளை ஷூ இருக்குது. அப்பா காலுக்குத் தெரியாம பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன்."

பூவரசன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "இன்னொரு ஜோடிக்கு எடம் இருக்குமாங்க?"

அவள் ஷூவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "மொதல்ல கழுவிக் கொண்டாங்க" என்றுவிட்டு உள்ளே போனாள்.