டிராகன் விட்ட குறட்டை

என் இரண்டு கண்ணின்மேல் ஆணை, கீழே இருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் பற்கள் இந்த வரி முடிவதற்குள் உதிரட்டும். உதிரவில்லை. மேலே போவோம்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ஒரு நாவல் எழுதினார். மலை உச்சியில் தனியாகக் குடியிருக்கும் கிழட்டு டிராகனைக் கொல்ல வாளோடு வருகிறான் ஓர் இளவரசன். டிராகன் அவனை எரிப்பதில்லை, கடிப்பதில்லை. பேசிப் பேசியே அவனைக் களைப்படைய வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. மச்சான் சொந்த அனுபவத்தைத்தான் எழுதியிருக்கிறார் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், அவர் மனைவியைத் தவிர.

ஓர் இயக்குநர் அதைப் படமாக எடுத்தார். அந்தப் படத்துக்குச் சத்தம் உண்டாக்குவது என் வேலை. திரையில் ஒருவன் நடந்தால் காலடி என்னுடையது. கோட்டைக் கதவு திறந்தால் அது என் நாற்காலி முனகுவது. டிராகன் சிறகடித்தால் நான் ஈரச் சாக்கை உதறுகிறேன் என்று அர்த்தம்.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் என் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். இளவரசன் டிராகனின் தலையை ஒரே வீச்சில் வெட்டி, அதன்மேல் ஏறி நடனமாடினான்.

“மாப்ள, என் டிராகன் எங்க?”

“அந்தா, அவன் காலுக்கடியில.”

மச்சான் சோபாவில் சாய்ந்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் குறட்டை விட்டார். குறட்டை நின்றது. அவர் மூச்சும் நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்யும் தவறு, மைக்கை அணைக்க மறப்பது. அன்றைக்கு நானும் மறந்திருந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் கறுப்புக் கண்ணாடியோடு பேசினார்: “அவர் மட்டும் இருந்திருந்தா, இந்தப் படம் அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்.”

என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். “ஏங்க, கேட்டீங்களா? கொன்னுட்டு, பிடிச்சிருக்கும்னு சாட்சி வேற சொல்றான்.”

“கேட்டேன்.”

“கேட்டா ஆச்சா? இவன் மூக்கை உடைக்காம நீங்க வீட்டுப் படி ஏறக்கூடாது.”

“மூக்கை உடைச்சா கேஸாகும்டி.”

“அப்ப கேஸாகாத மாதிரி உடைங்க.”

மறுநாள் இயக்குநருக்கு டிராகனின் மூச்சுச் சத்தம் வேண்டியிருந்தது. எதையும் ஒரு காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு மறு காதால் கேட்கும் மனிதர் அவர். மச்சானின் குறட்டையை மெதுவாக்கிப் போட்டேன்.

“இதான் பெரியவரே! நெஞ்சே அதிருது. என்ன மிருகம் இது?”

“ரொம்ப அபூர்வம் தம்பி. இந்த இனமே இப்ப இல்ல.”

“படம் முழுக்கப் போடுங்க. எல்லா ஸ்பீக்கர்லயும்.”

“உங்க இஷ்டம்.”

அந்தக் குறட்டை தொற்றிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாது. பேருந்தில் மச்சான் தூங்கினால் ஓட்டுநர் வண்டியை ஓரம்கட்டிவிட்டுத் தானும் படுத்துவிடுவார். மச்சான் வீட்டில் திருட வந்தவனை மறுநாள் நாங்கள்தான் தட்டி எழுப்பி அனுப்பினோம்.

முதல் காட்சிக்குப் பெரிய மனிதர்களெல்லாம் வந்திருந்தார்கள். நானும் மனைவியும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தோம். டிராகன் மூச்சு விட்டது. முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. தயாரிப்பாளர் விநியோகஸ்தரின் தோளில் சாய்ந்தார். அவ்விருவரும் ஒருவரையொருவர் நம்பியது அன்றைக்கு மட்டும்தான். இயக்குநர் துள்ளி எழுந்தார். “யாரும் தூங்காதீங்க, கிளைமாக்ஸ் வருது, இப்பத்தான்...” என்றவர், நின்ற வாக்கில், திறந்த வாயோடு தூங்கிப்போனார். எச்சில் அவருடைய பட்டுச் சட்டையில் ஒழுகியதை என் மனைவி கண் இமைக்காமல் பார்த்தாள்.

திரையில் இளவரசன் வாளை ஓங்கினான். கொட்டாவி விட்டான். வாளைத் தலைக்கு வைத்துக்கொண்டு டிராகனின் காலடியில் சுருண்டான். டிராகன் அக்கம்பக்கம் பார்த்தது. அவனை மிதித்துவிடாமல் தாண்டி, திரையின் ஓரத்தையும் தாண்டிப் போயே போய்விட்டது. பிறகு நடனத்துக்குப் பாட்டு மட்டும் ஒலித்தது. ஆட ஆளில்லை.

“இப்பச் சொல்லட்டும், எங்க அண்ணனுக்குப் பிடிச்சிருக்கும்னு,” என்றாள் மனைவி, பஞ்சை எடுத்துக்கொண்டே.

“இப்ப நெஜமாவே பிடிச்சிருக்கும்.”

ஊரூராகத் திரையிட்டும் இதே கதைதான் நடந்தது. படம் படுத்தது, பார்த்தவர்களும் படுத்தார்கள். அதன் பிறகு இயக்குநருக்கு மட்டும் தூக்கமே வருவதில்லை. கையிருப்புத் தூக்கத்தையெல்லாம் அந்த அரங்கிலேயே தீர்த்துவிட்டார் என்கிறார் அவருடைய மருத்துவர். என் மனைவி திருப்தியாகச் சாப்பிட்டு, திருப்தியாகத் தூங்குகிறாள்.

நேற்று மச்சான் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் படத்துக்குப் போய்விட்டு வந்தார். வெட்டிய தலைமேல் இளவரசன் ஆடும் இடம்தான் அவருக்கு மிகவும் பிடித்ததாம். அவர் அதைச் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு பல் ஆடுகிறது.