நழுவாத விரிப்பு

கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் குட்டி கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மேசைமேல் விரித்துப் போட்டிருந்த படுக்கை விரிப்பின் ஓரத்தில் ஒரு மடக்களவு ஊற்றினாள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். ஈரம் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று குனிந்து பார்த்தாள். பிறகு அந்த ஓரத்தை முறுக்கிப் பிழிந்து, உதறி, மின்விசிறிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? நனைச்சா அப்புறம் அது உங்களோடதுதான். இப்பவே சொல்லிட்டேன்."

"சீக்கிரம் காயுதான்னு பாக்கறேன்."

"துணி காயாம பின்ன முளைக்கவா போகுது?"

அண்ணி சிரித்துவிட்டாள். "விடுங்க, அவ டாக்டர் மாதிரி. நாடி புடிச்சுப் பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டா."

பெயர்தான் குட்டி, ஆள் ஒட்டடைக்கம்பு உயரம். நாற்பதைத் தாண்டிவிட்டாள். அம்மா வைத்த செல்லப்பேர். வைத்தவள் போன பிறகும் பேர் போகவில்லை. கடைக்காரர் முறைப்பது தெரிந்ததும் கன்னம் சூடேறியது. ஆனாலும் கையைத் தாழ்த்தவில்லை. கெட்டிப் பருத்தி தொட்டால் சுகமாக இருக்கும், மழை நாளில் ஊறிய மாடு மாதிரி கனத்துப்போய்க் கொடியையே இழுத்துக்கொண்டு விழும். பளபளப்பானது காயும், ஆனால் முதுகு வேர்க்கும், முதுகு வேர்த்தால் தோல் பொரியும். அவள் கையிலிருந்தது இரண்டுக்கும் நடுவே. மெல்லிசு, வழவழப்பு, கன்னத்தில் வைத்தால் குளுமை. விசிறிக் காற்றில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரத்தின் விளிம்பு உள்ளே உள்ளே சுருங்கியது.

"இதுதான் அண்ணி."

"நாலு மூலையிலயும் எலாஸ்டிக் வச்சது இருக்கு பாரு, மெத்தைக்குச் சட்டை போட்ட மாதிரி. அது நல்லா இருக்குமே?"

"அது வேண்டாம். அந்த மூலை மட்டும் காயவே காயாது. அதோட, ஆளைப் படுக்க வச்சுக்கிட்டே மாத்த முடியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அண்ணிக்கு உறைக்கவில்லை, அவள் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, நீ சொன்னா சரிதான். வெள்ளை வேண்டாம், இந்தச் சாம்பல் நிறம் எடுத்துக்கலாம். கறை தெரியாது."

அண்ணன் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். மூட்டையைப் பார்த்ததும், "பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க. ஒரு பெட்ஷீட் வாங்க ரெண்டு பேரும் ஆராய்ச்சிக்கூடமே நடத்திட்டு வர்றீங்க" என்றார்.

"அது உங்களுக்கு. காசு குடுத்துத் தூங்க வர்றவங்களுக்கு எல்லாச் சுகமும் தெரியும்" என்றாள் அண்ணி.

குட்டி பின்சீட்டில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டிக்குள் இருந்த மூன்று பேருக்கும் இந்த மூட்டை எதற்காக என்று தெரியும். வீடு ஏரிக்கரையில் இருந்தது. அம்மா போனதும் விற்றுவிடலாம் என்றார் அண்ணன். அண்ணிதான் குறுக்கே விழுந்தாள். ஏரி பார்க்க எவ்வளவு பேர் வருகிறார்கள், முன்னறையை லீவுக்கு வருகிறவர்களுக்கு விடலாம், குட்டிதான் இருக்கிறாளே, துவைக்க, பெருக்க, சாவி கொடுக்க. இந்த மழைக்காலம் மட்டும் ஓட்டிப் பார்ப்போம், ஓடாவிட்டால் விற்றுவிடலாம். விற்றால் நீ எங்களோட வந்துடு என்று அண்ணன் சொல்லியிருந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவர்கள் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் டிவியை அணைத்த பிறகு பாயை விரித்து, எல்லோரும் எழுவதற்கு முன் சுருட்ட வேண்டிய இடம் அது. போன முறை போயிருந்தபோது அவள் தன் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பி வரும்வரை ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்.

முன்னறைதான் அம்மாவின் அறை. ஒரு நாள் சாயங்காலம் வாளியோடு விழுந்தவள் பிறகு எழவே இல்லை. கை போயிற்று, கால் போயிற்று, பேச்சு போயிற்று. கண் மட்டும் மிச்சம். அந்தக் கட்டிலை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டது குட்டிதான், ஏரியையாவது பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொன்னார்கள். துஷ்டி கேட்க வந்தவர்களும் சொன்னார்கள். "என்ன இருந்தாலும் புண்ணியவதி, தண்ணியைப் பாத்துக்கிட்டே கண்ணை மூடினா." அண்ணி எழுதிய விளம்பரத்திலும் அந்த வரி வேறு உடுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது: கட்டிலில் படுத்தபடியே ஏரியை ரசிக்கலாம்.

வெயில் நாளில் கஷ்டமில்லை. மழை பிடித்துக்கொண்டால்தான். விரிப்பு நனையும், மாற்ற வேண்டும், மாற்றியதும் நனையும். காயாத துணியின் வாடை வீட்டுக்குள் ஒரு ஆள் மாதிரி நடமாடும். அதற்காக அம்மாவின் அறையிலேயே, சுவருக்குச் சுவர் கொக்கி அடித்து, விசிறிக்குக் கீழே கொடி கட்டினாள். அம்மாவை ஒருபக்கமாக உருட்டி, பழைய விரிப்பைச் சுருட்டி அவள் முதுகோடு ஒதுக்கி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் உருட்டி இழுத்துவிடுவாள். தூங்குகிறவள் விழிக்காத அளவுக்குக் கை பழகியிருந்தது. எந்தத் துணி எப்படி என்பதெல்லாம் அந்தக் கையில் ஏறிய படிப்பு. அண்ணன் வருஷத்துக்கு ஒருமுறை வந்து வாசற்படியிலேயே நின்று, "அம்மா எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பதில் வராத இடத்தில் கொஞ்சம் நின்று போவார்.

கட்டில் அதேதான். மெத்தை மட்டும் புதிது, தடிமனானது. முதல் குடும்பம் வருவதற்கு முந்தின மதியம் குட்டி சாம்பல் நிற விரிப்பை அதில் விரித்தாள். நான்கு பக்கமும் மடித்துச் செருகி, உள்ளங்கையை ஒருமுறை தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஓட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை. காற்றில்லாத நாளின் ஏரி மாதிரி கிடந்தது. வாசலில் நின்று ஒருமுறை பார்த்தாள். உள்ளே எங்கோ ஒரு சின்னப் பெருமை தலை தூக்கியது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அதை அடக்கவில்லை.

வந்தவர்கள் ஒரு கணவன், மனைவி, ஒரு சிறுமி. நல்லவர்கள். செருப்பை வெளியிலேயே விட்டார்கள். அந்த அம்மா குட்டியை அக்கா என்று கூப்பிட்டாள். மறுநாள் காலையில் குட்டி டீ கொண்டுபோனபோது சிறுமி சாம்பல் விரிப்பைத் தோளில் போர்த்திக்கொண்டு, ராணி மாதிரி நடைவழியெல்லாம் அதை இழுத்துக்கொண்டு நடந்தாள். உள்ளே கட்டிலில் மெத்தை தோலுரித்த மாதிரி மொட்டையாகக் கிடந்தது.

"குழந்தை உருவிட்டாளா?"

"இல்லைக்கா. தப்பா எடுத்துக்காதீங்க, ராத்திரி பூரா அது வழுக்கிக்கிட்டே இருந்தது. இவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, விடியறப்போ தரையில கெடந்தது."

குட்டிக்குப் புரியவில்லை. "இழுக்காம இருந்தா நழுவாதே. நல்லா செருகித்தான் வச்சேன். நீங்க என்ன பண்ணினீங்க?"

அந்த மனிதர் டீயை வாங்கிக்கொண்டு சிரித்தார். "என்னத்தைப் பண்ணினோம்? தூங்கினோம். அவ்வளவுதான்."

தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றவளுக்கு, அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் விளங்கியது. தூங்குகிறவர்கள் புரள்வார்கள். கால் நீட்டுவார்கள், மடக்குவார்கள், பக்கத்தில் படுத்தவர் பக்கம் திரும்புவார்கள், கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்புவார்கள். ஊரில் உள்ள எல்லாரும் அப்படித்தான். அவள் பார்த்த ஒரே ஒரு தூக்கம் புரளாத தூக்கம். சாயங்காலம் விரித்த விரிப்பு காலையில் நனைந்திருக்கும், கசங்கியிருக்காது. அந்த ஓர் உடம்புக்குத்தான் அவள் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் விரிப்பின் நான்கு மூலைகளிலும் ஊக்குக் குத்தினாள். இரவில் ஓர் ஊக்கு திறந்துகொண்டு சிறுமியின் காலைக் கீறியது. பெரிய காயமில்லை. ஆனால் குழந்தை அழுத அழுகை பின்னறை வரை கேட்டது. இன்னொரு இரவும் தங்குவதாக இருந்தவர்கள் காலையிலேயே பெட்டியைக் கட்டினார்கள். போகும்போது அந்த அம்மா, "உங்க மேல ஒண்ணும் இல்லைக்கா" என்றாள். அதுதான் அதிகமாகக் குத்தியது.

மறுநாள் அண்ணியின் போன் வந்தது. குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"குட்டி, முதல் போணியே இப்படி ஆயிடுச்சேடி. வீடு நல்லா இருக்கு, ஏரி நல்லா இருக்கு, அங்க தூங்க மட்டும் முடியாதுன்னு எழுதிப் போட்டிருக்காங்க. அதைப் பாத்துட்டு அடுத்து வர்றதா இருந்தவங்களும் வேணாம்னுட்டாங்க. ஊக்கு வேற குத்தினியாமே?"

"நழுவுதுன்னாங்க. அதான்."

"வாங்கறப்போ நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எலாஸ்டிக் வச்சதுன்னு. விரிச்சதும் நீ ஒருதரம் படுத்தாவது பாத்தியா?"

"இல்லை."

"ஏன்?"

"அம்மாவுக்கு நழுவலை அண்ணி."

 போனில் அண்ணனின் இருமல் கேட்டது. அவர் இவ்வளவு நேரமும் அங்கேயே இருந்திருக்கிறார். "சரி விடு. நீ வேணும்னேவா பண்ணினே?" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வருவார். வீட்டைச் சும்மா பாத்துட்டுப் போகட்டும். சும்மாதான்."

"சரிண்ணா."

"அம்மா..." என்று எதையோ தொடங்கினார். "அம்மாவுக்கும் இந்தத் துணிதானா?"

"இதே மாதிரி."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சும்மா என்று சொன்ன எதுவும் இதுவரை சும்மா நடந்ததில்லை.

வெளியே தூறல் நின்றபாடில்லை. வருகிறவர் வரட்டும், அதற்காக அழுக்கைப் போட்டு வைக்க முடியுமா? சிறுமி இழுத்துத் திரிந்த விரிப்பைத் துவைத்து, பிழிந்து, காயப்போட இடம் தேடினாள். விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாதென்று கொடியை அவிழ்த்து வைத்திருந்தாள். கொக்கிகள் சுவரிலேயே இருந்தன. கொடியை மறுபடி முன்னறையில் கட்டி, விரிப்பைப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டாள். கட்டிலில் மாற்று விரிப்பை விரித்துச் செருகினாள். கையை ஓட்டினாள். பிறகு, அண்ணி இப்போதும் கேட்டுக்கொண்டிருப்பது போல, அதன்மேல் ஏறிப் படுத்தாள்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டிலில் அவள் படுத்ததில்லை. கீழே, பக்கத்தில், பாயில்தான். உயரத்துக்குக் கால் கட்டிலின் விளிம்பைத் தொட்டது. தலையணையை எடுத்துவிட்டு, அம்மாவை வைப்பது போலத் தன் கைகளை இருபுறமும் எடுத்து வைத்துக்கொண்டாள். கழுத்தைத் திருப்பாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

ஏரி தெரியவில்லை.

ஜன்னலின் அடிக்கட்டை குறுக்கே வந்தது. அதற்கு மேலே துண்டு வானம், அதுவும் மழை நிறம். ஒருவேளை மெத்தையால் இருக்குமோ என்று நினைத்தாள். அம்மாவின் மெத்தை இதில் பாதி உயரம்கூட இல்லை. அதில் படுத்தால் இன்னும் கீழே, இன்னும் கொஞ்ச வானம்தான். தலையைத் தூக்கினால் தண்ணீர் தெரிந்தது. தலையை வைத்தால் போய்விட்டது. தூக்கினாள். வைத்தாள். பிறகு தூக்கவில்லை.

அங்கிருந்து முழுதாகத் தெரிந்தது கொடிதான். சுவருக்குச் சுவர், கண்ணுக்கு நேர் மேலே, சாம்பல் விரிப்பு விசிறிக் காற்றில் கொஞ்சம் உப்பி, கொஞ்சம் அடங்கி, மறுபடி உப்பியது. கீழ் விளிம்பில் ஈரம் சேர்ந்து கருத்திருந்தது. அந்தக் கருப்பு மெல்ல மெல்ல வெளுத்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அதையே பார்த்தாள். நடுவில் கண் எரிந்தபோது மூடித் திறந்தாள். அதற்குள் இன்னும் கொஞ்சம் காய்ந்திருந்தது. நல்ல துணி. சீக்கிரம் காய்கிற துணி.

அவள் அசையாமல் கிடந்தவரை முதுகுக்குக் கீழே விரிப்பும் அசையவில்லை. பிறகு முழங்காலை மடக்கி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். கால்மாட்டில், மெத்தைக்கு அடியிலிருந்து, ஒரு முனை சத்தமில்லாமல் வெளியே வந்தது.