பலூனுக்குள் போன மூக்கு

அந்தக் காமிக்ஸ் ஸ்டூடியோவில் கதை அவள் கணவருடையது, படம் அவள் அண்ணனுடையது. பாத்திரங்களின் வாயருகே வரும் பேச்சு பலூனுக்குள் வசனம் எழுதுவது அவள்.

ஏதோ சண்டையில் ஆண்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணன் வில்லனுக்கு அச்சு அசலாகக் கணவரின் மூக்கை வைத்தார். கணவர் கொதித்துப்போய்ப் படத்தின் ஓரத்தில் கிறுக்கினார்: "மச்சான், என் மூக்க மரியாதையா திருப்பிக் குடு!"

தூது போய் அலுத்திருந்தவள், அதையே கதாநாயகனின் பலூனுக்குள் எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

இதழ் வந்ததும் பதிப்பாளர் போன் செய்தார். "வில்லன் ஹீரோவோட மச்சானா? ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க! அடுத்து வில்லனோட தங்கச்சியக் கொண்டுவாங்க!"

ஆண்கள் இருவரும் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்கள்.

"தங்கச்சிக்கு யார் மூக்கு வைக்கலாம், மச்சான்?" என்று கேட்டார் கணவர்.

அவள் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.